மூலம் தேடிப் போன கதை: தடுப்பு நரம்பணுக்கள் குறித்துச் சில குறிப்புகள்

‘மூலம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று சொல்லிவைத்த சமூகம்தான் அடுத்தவன் பிறப்பை நோண்டிக்கொண்டே இருக்கிறது. விஞ்ஞானத்திலும் இந்த வியாதி உண்டா என்று பார்க்கத்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

மூளைப் புறணியில் கிளர்த்தும் அணுக்களும் உண்டு, அடக்கும் அணுக்களும் உண்டு. பின்னவை ‘காபா’ என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை. அவை பழுதானால் வலிப்பு வரலாம். எல்லாமே புறணியின் அடியில் பிறந்து நேராக மேலேறுகின்றன என்பதுதான் பழைய நம்பிக்கை. 1997இல் ஆண்டர்சன், ரூபன்ஸ்டீன் குழு சுண்டெலியில் டிஎல்எக்ஸ்-1, டிஎல்எக்ஸ்-2 என்ற இரு ஜீன்களைச் செயலிழக்கச் செய்தது. புறணியில் அடக்கும் அணுக்கள் பெருமளவு குறைந்துபோயின. அவை கீழே, காங்கிலியோனிக் எமினென்ஸ் என்ற மேட்டில் பிறந்து பக்கவாட்டில் ஊர்ந்து வந்தவை. வந்தேறிகள்!

2002இல் லெட்டினிச், ராகிச் குழு மனிதக் கருவை ஆராய்ந்து வேறு மாதிரி சொன்னது: மனிதரில் சுமார் 65 சதவீதம் புறணியிலேயே பிறக்கிறது, 35 சதவீதம்தான் கீழிருந்து வருகிறது. எலி வேறு, மனுஷன் வேறு. மனித மையவாதக் கதையாடலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த வாதத்தின் முக்கிய ஆதாரங்களில் ஒன்று, மாஷ்-1 என்ற ஜீன் அங்கே வெளிப்படுவது. ஆனால் ஒரு ஜீன் வெளிப்படுவதைப் பிறப்புச் சான்றிதழாக வாசித்துவிட முடியுமா? 2013இல் கலிபோர்னியாவிலும் ஷாங்காயிலும் இருந்து வந்த இரு ஆய்வுகள் மறுத்தன: மனிதரிலும் மிகப் பெரும்பாலானவை அந்த மேட்டில்தான் பிறக்கின்றன. வித்தியாசம் இல்லாமல் இல்லை; அந்த மேட்டின் வால்புறப் பகுதி தரும் பங்கு எலியைவிட மனிதரில் அதிகம். சரி, முடிந்தது சங்கதி என்று பார்த்தால், 2022இல் இன்னொரு குழு ஒவ்வொரு முன்னோடி அணுவுக்கும் தனி அடையாளம் பொறித்து அதன் வாரிசுகளைப் பின்தொடர்ந்தது. மனிதப் புறணியின் ஒரே முன்னோடி இரண்டு வகை அணுக்களையும் தர முடிகிறது! சுதேசி, பரதேசி என்ற எதிர்வே ஆட்டம் காண்கிறது.

இந்த வரலாற்றில் எழுதப்படாத பக்கம் ஒன்று உண்டு. இத்தகைய ஆய்வுகளுக்கான திசு, கருக்கலைப்புக்குப் பின் பெண்கள் சம்மதித்துக் கொடுத்தது. 2019இல் அமெரிக்க அரசு இத்தகைய ஆய்வுக்கான நிதிக்குப் புதிய தடைகள் போட்டது. 2021இல் அவற்றை விலக்கியது. சண்டை முழுக்கக் கருவின் பெயரால். கொடுத்தவளிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. மூலம் தேடுகிறவர்கள் முதலில் அவளிடமிருந்தல்லவா தொடங்க வேண்டும்?