கருங்காலி என்னும் சொல்: நாட்டிங்காம்ஷயர் சுரங்கங்களின் இரு சங்கங்கள்

தொழிற்சங்க வழக்கிலுள்ள வசைச்சொற்களுள் மிகக் கடுமையானது ‘கருங்காலி’. கோடரிக்குக் காம்பாகித் தன்னினத்தையே வெட்ட உதவும் மரம் அது என்பர். ஆங்கிலச் சுரங்கத் தொழிலாளர் வழங்கும் சொல் ‘ஸ்கேப்’; புண்ணின் மேல் படியும் பொருக்கு என்பது அதன் நேர்ப்பொருள். இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் நிலக்கரி ஊர்களில் இச்சொல் ஒரே நூற்றாண்டில் இருமுறை உறவுகளைப் பிரித்தது. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

1926 மே மாதம் கூலிக் குறைப்பையும் கூடுதல் வேலை நேரத்தையும் ஏற்க மறுத்த பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்களைச் சுரங்க முதலாளிகள் கதவடைத்து வெளியேற்றினர். ஆதரவாக எழுந்த பொது வேலைநிறுத்தம் 9 நாட்களில் முடிவுற்றது. சுரங்கத் தொழிலாளர் மட்டும் மாதக்கணக்கில் பசியோடு நின்றனர். டி.எச்.லாரன்ஸ் அவ்வாண்டு செப்டம்பரில் தாம் பிறந்த ஈஸ்ட்வுட் பகுதிக்கு வந்து அந்த அவலத்தைக் கண்டார். அவருடைய தந்தையும் சுரங்கத் தொழிலாளியே. ‘பட்டி’ எனப்படும் குத்தகை மேற்பணியாளர். நம் கங்காணியோடு ஒருவாறு ஒப்பிடத்தக்க அப்பதவி, தொழிலாளிக்குள்ளேயே மேல் கீழ் வகுத்தது. நாட்டிங்காம்ஷயரில் ஒற்றுமை எளிதில் குலைந்ததற்கு இம்முறையும் ஒரு காரணம் எனலாம்.

பசி முற்றியபோது மாவட்டத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜார்ஜ் ஸ்பென்சர் தனியே உடன்பாடு பேசினார். தேசியக் கூட்டமைப்பு அவரை வெளியேற்றியது. அவர் புதிய சங்கம் கண்டார். முதலாளிகள் அதனோடு மட்டுமே பேசினர். பழைய சங்கத்தை ஏறெடுத்தும் பாரார். அன்றைய தொழிலாளியின் இக்கட்டை எண்ணுங்கள். நெஞ்சு ஒரு சங்கத்தில்; அடுப்பு எரிய வேண்டுமாயின் தயவு மற்றொரு சங்கத்தில்.

இந்நிலை 10 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1936இல் ஹார்வொர்த் சுரங்கத்தார் பழைய சங்கத்துக்கே அங்கீகாரம் வேண்டிப் போராடினர். காவலர் துணையோடு வேலைக்குச் செல்வோர் ஒருபுறம், தெருவோரம் நின்று கூவுவோர் மறுபுறம் என அக்குளிர்காலம் கழிந்தது. 1937இல் கலவர வழக்கில் கிளைத் தலைவர் மிக் கேனுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் சுரங்கத் தொழிலாளர் ஆதரவு வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தனர். அதன் பின்னரே இரு சங்கங்களும் இணைந்தன. இணைந்த சங்கத்தின் தலைவராக அமர்ந்தவரோ ஸ்பென்சரே! சிறை சென்றவர்களுக்கு அது எத்தகைய வெற்றியாகத் தோன்றியிருக்கும்?

மூடிய புண் 1984 மார்ச்சில் மீண்டும் திறந்தது. சுரங்க மூடலை எதிர்த்துத் தேசியச் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தவில்லை. நாட்டிங்காம்ஷயரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூவர் வேலைநிறுத்தத்தை மறுத்தனர். “வாக்குரிமையின்றி எங்களை வழிநடத்த இயலாது” என்பது அவர்கள் வாதம். “தன் சுரங்கம் பாதுகாப்பானது என்றெண்ணும் ஒருவன், அடுத்தவன் வேலை பறிபோவதற்கு வாக்களிக்க உரிமையற்றவன்” என்பது எதிர்வாதம். இரண்டிலும் அறம் உண்டு. அதுவே இவ்வரலாற்றின் துயரம். யார்க்ஷயரிலிருந்து மறியலுக்கு வந்த 24 வயது இளைஞர் ஒருவர் ஒல்லர்ட்டனில் உயிரிழந்தார். பெண்கள் பொதுச் சமையற்கூடங்கள் நடத்தி வேலைநிறுத்தக் குடும்பங்களுக்குச் சோறளித்தனர். உடன்பிறந்தோர் பேச்சற்றனர். வீட்டுச் சுவர்களில் அந்த ஒற்றைச் சொல் எழுதப்பட்டது.

1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. அவ்வாண்டிலேயே நாட்டிங்காம்ஷயரை மையமாகக் கொண்டு ஜனநாயகச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முதியோர் அதனைக் கண்டு ஸ்பென்சரை நினைவுகூர்ந்தனர். உழைத்தவர்க்கு ஆதரவாக இருப்பதாக அரசு காட்டிய நன்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1992இல் 31 சுரங்கங்களை மூடுவதாக அறிவிப்பு வந்தபோது நாட்டிங்காம்ஷயரும் தப்பவில்லை. அம்மாவட்டத்தின் இறுதிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடப்பட்டது.

மரங்கள் அனைத்தும் வெட்டுண்ட பின் காம்பு எம்மரத்தினது என்று கேட்பதில் பயனில்லை. ஆயினும் சுரங்கம் போன பின்னும் அச்சொல் அவ்வூர்களில் மறக்கப்படவில்லை. நிலக்கரியைவிட நெடுங்காலம் கனன்றுகொண்டிருக்க வல்லது சொல். அதனை எடுத்து வீசுமுன், வீசப்படுபவனின் வாதத்தையும் ஒருகணம் கேட்டல் நம் கடன்.