நின்று பெய்த புயல்: நகர்வேகமும் மழையளவும்

புயல்களுக்கு நாம் சூட்டும் தரங்கள் காற்றின் வேகத்தைக் கொண்டே அமைந்தவை. அந்த அளவுகோலில், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் மிக எளிய புயல்: மணிக்கு 70 முதல் 80 கி.மீ. காற்று, புயல் வகைகளின் அடிப்படி. ஆனால் கரையேறியபின் அது பல மணி நேரம் நகரவே இல்லை. மறுநாள் காலை மயிலத்தில் பதிவான 24 மணி நேர மழை சுமார் 50 செ.மீ.; புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல். மாறாக, 2018இல் கஜா புயல் கடுங்காற்றோடு வந்து, விரைந்து மேற்கே கடந்தது. அது விட்டுச்சென்றது சாய்ந்த தென்னந்தோப்புகளை.

ஓரிடத்து மழையளவு என்பது பொழியும் வீதத்தையும் பொழியும் நேரத்தையும் பெருக்கி வருவது. 200 கி.மீ. அகலமுள்ள மழைப்பரப்பு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் ஓர் ஊரை 10 மணி நேரத்தில் கடக்கும், 5 கி.மீ. வேகமானால் 40 மணி நேரம். அமெரிக்க முன்னறிவிப்பாளர்களின் பழைய கிராஃப்ட் விதி இதையே சுருக்கியது: நூறை, நாட் கணக்கிலான நகர்வேகத்தால் வகுத்தால் பெருமழையின் அளவு அங்குலத்தில் கிடைக்கும். காற்றின் வலிமைக்கு அதில் இடமே இல்லை. (புயல் நின்றுவிட்டால் விடை முடிவிலி, விதியின் எல்லை அங்கே தெரிகிறது.) 2017இல் டெக்சாஸில் தேங்கிய ஹார்வி புயல் 1,500 மி.மீ.க்கும் மேல் பொழிந்தது.

எனினும் மெதுநகர்வு மட்டுமே போதாது. ஈரமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆழ்கடலில் தங்கும் புயல், அடியிலிருக்கும் குளிர்ந்த நீரைத் தானே கலக்கி மேலே கொணர்ந்து வலுவிழக்கும். கரையோரம் தங்கும் புயலின் நிலை வேறு: அதன் சுழற்சி வெதுவெதுப்பான கடலின் ஈரக்காற்றைத் தொடர்ந்து இழுக்கிறது; நிலத்தின் உராய்வு அக்காற்றைக் குவித்து மேலெழச் செய்கிறது. ஆகவே ‘கரையைக் கடந்தது’ என்ற செய்தி மழை ஓய்ந்ததாகப் பொருள்படாது. ஃபெஞ்சல் வலுவிழந்து உள்நாட்டில் ஊர்ந்தபோதுதான் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. பெய்தது. அந்த நீர் பாம்பாற்றின் வழியே தென்பெண்ணைக்கு வந்தது. அந்த ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டது.

1949 முதல் 2016 வரை உலகப் புயல்களின் சராசரி நகர்வேகம் 10 விழுக்காடு குறைந்ததாக 2018இல் ஆய்வாளர் ஜேம்ஸ் காசின் எழுதினார். செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தைய பதிவுகளின் குறைபாடே இப்போக்கைத் தோற்றுவித்திருக்கலாம் என்ற மறுப்பு வலுவானது. அந்த எண்ணை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. இக்கட்டுரையின் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. வளி ஒரு பாகை வெப்பமானால் அதில் தங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும் என்பதே போதும். புயல்கள் முன்போலவே ஊர்ந்தாலும் மழை மிகும்.

நகர்வேகம் வானிலை அறிக்கைகளில் இப்போதும் இடம்பெறுகிறது. செய்தியில்தான் காணாமல் போகிறது. ஊடகங்களும் அணைப் பொறியாளர்களும் காற்றின் வேகத்துக்கு முன்னால் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.