'செக்' என்னும் சொல்லின் சரிதை

ஆங்கிலத்திலே 'செக்' என்னுஞ் சிறு சொல் பல வேடம் புனைவது. சதுரங்கம் ஆடுவோன் எதிரியின் அரசனைத் தாக்குங்கால் 'செக்' என்கிறான். துணிக்கடையிற் கட்டமிட்ட துணிக்கும் அதுவே பெயர். கணக்கைச் சரிபார்ப்பதும் செக். ஓடும் குதிரையைக் கடிவாளத்தால் இழுத்து நிறுத்துவதும் செக். வங்கியிற் கொடுக்கும் காசோலையும், எழுத்தால் வேறுபடினும், ஒலியால் அதுவே. உறவில்லாதன போலத் தோன்றும் இப்பொருள்கள் யாவும் ஒரே குடியிற் பிறந்தவை. அக்குடியின் முதல்வன் ஆங்கிலேயன் அல்லன், பாரசீகத்து அரசன்.

பாரத நாட்டின் சதுரங்கம் பாரசீகம் புகுந்து 'சத்ரங்' ஆயிற்று. அங்கே அரசனுக்கு 'ஷா' என்று பெயர். எதிரியின் அரசன் இக்கட்டில் அகப்படும்போது 'ஷா' எனக் கூறி எச்சரிப்பது மரபு. அராபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவை அடைந்தபோது இவ்வெச்சரிக்கையும் உடன் சென்றது. பழைய பிரெஞ்சிலே உருத்திரிந்து, பின்னர் ஆங்கிலத்திற் 'செக்' என நிலைத்தது. 'செஸ்' என்னும் ஆட்டப் பெயரும் இதன் பன்மை வடிவிலிருந்து வந்ததே. அரசன் தடைப்பட்டான் என்பதிலிருந்து தடுத்தல் என்ற பொருளும், பிழை புகாமல் தடுத்தலிலிருந்து சரிபார்த்தல் என்ற பொருளும் கிளைத்தன. ஆட்டப் பலகையின் கட்டங்கள் துணிக்குப் பெயர் தந்தன.

இவற்றினும் சுவையானது இச்சொல் அரசாங்கத் திறைசேரியுள் நுழைந்த வரலாறு. இங்கிலாந்தின் நிதியமைச்சர் இன்றும் 'எக்ஸ்செக்கர்' என்பதன் தலைவராகவே பெயர் பெறுகிறார். எக்ஸ்செக்கர் என்பது முதலில் ஒரு மேசையே. முதலாம் ஹென்றி மன்னன் (1100–1135) காலத்திலே, மாவட்டந்தோறும் வரி திரட்டிய ஷெரீபுகள் ஆண்டுக்கு இருமுறை அம்மேசை முன் வந்து கணக்கு ஒப்புவித்தனர். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமுங் கொண்ட அதன்மேல் கோடிட்ட கருந்துணி விரிக்கப்பட்டிருக்கும். பென்சுக்கு ஒரு நிரல், ஷில்லிங்குக்கு ஒரு நிரல், பவுணுக்கு ஒன்று, இருபது பவுணுக்கு ஒன்று, இப்படியே மேலும் ஏறும். கணிப்போன் நிரல்களிற் காய்களை வைத்தும் எடுத்தும் கூட்டிக் கழிப்பான். பூச்சியத்தோடு கூடிய இந்திய எண்முறை அங்கே அப்போது வழக்கில் இல்லை. உரோம எண்களைக் கொண்டு பெருந்தொகையைக் கழிப்பது எளிதன்று. வந்தவருள் எழுத்தறியாதவரும் இருந்தனர். அவர்களும் காய்கள் நகர்வதைத் தம் கண்ணாற் கண்டு கணக்கைத் தொடர முடிந்தது.

இம்மேசையின் நடைமுறைகளைத் திறைசேரித் தலைவர் றிச்சர்ட் பிற்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் ஒரு நூலாக எழுதத் தொடங்கினார். ஆசிரியனும் மாணவனும் உரையாடுவதாக அமைந்த நூல் அது. (அம்மாணவன் விடாது வினவுகிறான், ஆசிரியர் சலிப்படையவில்லை என்பது பாராட்டத்தக்கது.) சதுரங்கத்தில் இரு மன்னர் பொருதுவதுபோல இங்கே திறைசேரித் தலைவரும் ஷெரீபும் பொருதுகின்றனர் என்று அவர் பெயர்க்காரணங் கூறுகிறார்.

செலுத்திய பணத்துக்குப் பற்றுச்சீட்டு ஒரு மரக்குச்சி. தொகைக்கேற்ப அதில் வெட்டுக்கள் இடப்படும். ஆயிரம் பவுணுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குப் பெருவிரற் பருமன். பின்னர் குச்சியை நீளவாட்டிற் பிளந்து ஆளுக்கொரு பாதி கொள்வர். ஒருவர் தம் பாதியில் வெட்டு ஒன்றைக் கூட்டினால் மற்றப் பாதி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இம்முறை 1826 வரை நீடித்தது. எஞ்சிய குச்சிகளை 1834 ஒக்டோபர் 16ஆம் நாள் பிரபுக்கள் சபையின் கீழிருந்த அடுப்புகளில் இட்டு எரித்தபோது, தீ பரவிப் பாராளுமன்றக் கட்டடமே பெரும்பாலும் அழிந்தது.

காசோலையும் இக்கருத்தின் வழிவந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டில் 'செக்' என்றது மோசடியைத் தடுக்கும் அடித்துண்டை; பின்னரே பெயர் தாளுக்கு ஏறியது. பிரித்தானியர் எக்ஸ்செக்கரை நினைந்து அதன் எழுத்தை மாற்றினர். அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டனர்.

இலங்கை மலையகத்திலும் இச்சொல்லுக்கு ஓர் இருப்பிடம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் அன்றாட வரவைப் பதியும் பேரேடு 'செக்றோல்'. தொழிலாளி காலையிற் பிரட்டுக்கு வந்து மலையேறி வேலை செய்தாலும், அவ்வேட்டிற் பெயர் விழுந்தாலன்றிக் கூலி இல்லை. வேலை குறைந்ததென்று கருதப்பட்டால் 'அரைப்பேர்' விழும்; அன்றைக்கு அரைக்கூலியே. எழுத்தறியாத ஷெரீபின் கையில் குச்சியின் ஒரு பாதியாவது இருந்தது. எழுத்தறியாத கொழுந்து பறிக்கும் பெண்ணின் கணக்கோ தோட்டத்துக் கந்தோரிலிருந்த ஏட்டில் மட்டுமே இருந்தது. சம்பள நாளில் அங்கிருந்து வாசிக்கப்படும் தொகையே அவள் கேட்கும் கணக்கு.