அளவு மீறும் ஆக்சிஜன்: நுரையீரலுக்கு நேரும் பாதிப்பு

நெய்வேலியில் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாளிகளின் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மூச்சு வாங்கும்போது ஆக்சிஜன் இயந்திரத்தின் அளவைச் சற்றுக் கூட்டி வைக்கலாமா?” மருத்துவர் கூறாமல் கூட்டக் கூடாது. ஆக்சிஜன் ஒரு மருந்து. அதற்கும் அளவு உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது ஏறத்தாழ 21 சதவீதமே உள்ளது.

அளவு மீறினால் நுரையீரல் பாதிக்கப்படும் என்பது முதலில் விலங்குகளிடம் அறியப்பட்டது. ஜேம்ஸ் லோரைன் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1899-ஆம் ஆண்டு, ஆக்சிஜன் மிகுந்த காற்றில் நாட்கணக்கில் வைக்கப்பட்ட சுண்டெலிகளின் நுரையீரலில் அழற்சி ஏற்பட்டதைப் பதிவு செய்தார். பிற்கால ஆய்வுகளில், தூய ஆக்சிஜனில் வைக்கப்பட்ட எலிகள் பெரும்பாலும் மூன்று நாட்களில் இறந்தன. ஆனால் முன்னதாகச் சில நாட்கள் 85 சதவீத ஆக்சிஜனில் இருந்த எலிகள் தூய ஆக்சிஜனையும் தாங்கின. அவற்றின் நுரையீரல் செல்கள் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாக உருவாக்கியிருந்தது அதற்கு ஒரு காரணம்.

அந்த நொதிகள் எதை எதிர்க்கின்றன? ஆக்சிஜன் மிகும்போது செல்களுக்குள் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிர வினைபுரியும் பொருட்கள் பெருகுகின்றன. இவை காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவரையும் நுண் இரத்தக்குழாய்களின் உட்படலத்தையும் சிதைக்கின்றன. அதனால் நீர் கசிந்து நுண்ணறைகளில் தேங்குகிறது. பாதிப்பு நீடித்தால் தழும்பும் உண்டாகலாம்.

விலங்காய்வின் முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. 1945-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்த நலமான தன்னார்வலர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்செலும்பின் பின்புறம் வலி தோன்றியது. 50 சதவீத ஆக்சிஜனைச் சுவாசித்தோருக்கு அது தோன்றவில்லை. வீட்டில் மூக்குக் குழாய் வழியாக நிமிடத்திற்கு 1 அல்லது 2 லிட்டர் பெறுவோர் சுவாசிப்பது சுமார் 24 முதல் 28 சதவீதமே. ஆகவே எலிகளுக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என அஞ்சிப் பரிந்துரைத்த ஆக்சிஜனை நிறுத்திவிட வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாளிகளில் சிலருக்கு ஆக்சிஜன் மிகும்போது இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் சிகிச்சை பெற்ற 405 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், அதிக ஆக்சிஜன் பெற்றோரைவிட அளவறிந்து பெற்றோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. இந்நோயாளிகளுக்குப் பொதுவாக 88 முதல் 92 சதவீத ஆக்சிஜன் செறிவே இலக்கு. ஆக்சிமீட்டரில் 90 என்று கண்டதும் பதற்றத்துடன் அளவைக் கூட்டுவதே நாங்கள் அதிகம் காணும் தவறு.

புற்றுநோய்க்குப் பிளியோமைசின் மருந்து பெற்றவர்களின் நுரையீரல் மிகு ஆக்சிஜனால் எளிதில் பாதிக்கப்படலாம். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் இதனைத் தவறாமல் தெரிவிக்கவும்.

ஆக்சிஜன் பெறுபவருக்குக் காலையில் தலைவலி, வழக்கத்திற்கு மாறான உறக்கம், மனக்குழப்பம், கை நடுக்கம் ஆகியவை தோன்றினால், அளவு கூட்டப்பட்டுள்ளதா எனப் பார்த்து, மருத்துவர் குறித்த அளவிற்கே திருப்பி வைக்கவும். ஆக்சிஜனை முற்றிலும் அகற்றாமல் உடனே 108-ஐ அழைக்கவும்.