வாலும் வரலாறும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் இடுகாடு ஒன்று இருக்கிறது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் கல்லிற் செதுக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் பெயர்கள்! எங்கு நோக்கினும் பெயர்கள்! வணிகம் செய்ய வந்தவன் பெயர், வாளேந்தி வந்தவன் பெயர், அவர்தம் மனைவி மக்களின் பெயர், எல்லாம் கல்லில் ஆழ வெட்டப்பட்டிருக்கின்றன. நூற்றாண்டுகளின் வெயிலும் உப்புக் காற்றும் அந்த எழுத்துகளை இன்னும் அழித்துவிடவில்லை. நடுவணரசின் தொல்லியல் துறை அவற்றைக் காத்து வருகிறது.

இறந்தும் பெயர் இழக்காதவர்கள் அவர்கள். ஆனால் அதே பழவேற்காட்டுத் துறையிலிருந்து, உயிரோடு இருக்கும்போதே பெயரை இழந்து கப்பலேறியவர்களும் உண்டு. அவர்களுக்குக் கல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்களைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். பெயர் வெறும் ஒலியன்று. அதைச் சூட்டியவன் யார், எதற்காகச் சூட்டினான், அதனால் ஆதாயம் அடைந்தவன் யார் என்று கேட்டுப் பார்த்தால், ஒரு பெயருக்குள் ஒரு வரலாறே அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

வெள்ளையர் நாட்டுக் குடும்பப் பெயர்

இங்கிலாந்தில் தம் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவதையே ஓய்வு நேரப் பணியாகக் கொண்டவர் பலர். அருகிப்போன பெயரானால் ஆர்வம் இன்னும் மிகுதி. 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை விரித்து, அந்தப் பெயருடையோர் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, நிலப்படத்தில் புள்ளியிட்டு, இன்ன சிற்றூரில் தோன்றிய பெயர் இது என்று கண்டறிகிறார்கள். ஒற்றைப் பெயரை ஆராய்வோருக்கென்றே 1979ஆம் ஆண்டில் ஓர் அமைப்பும் அங்கே தோன்றிவிட்டது.

அவர்களுக்கும் தொடக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை. 1066இல் நார்மானியர் படையெடுத்து வென்றபின், நிலவுரிமையும் வரியும் ஏட்டில் ஏறின. எந்த ஜான், எந்த வில்லியம் என்று பிரித்தறியும் தேவை எழுந்தது. கொல்லுலையில் நின்றவன் ஸ்மித் ஆனான். துணி தைத்தவன் டெய்லர் ஆனான். ரொட்டி சுட்டவன் பேக்கர் ஆனான். மற்றொருவனுக்கு ஊர்ப்பெயர், இன்னொருவனுக்குத் தந்தை பெயர். இவ்வாறு சில நூற்றாண்டுகளில் பெயர்கள் நிலைத்தன.

அங்கேயும் உயர்வு தாழ்வு இருந்தது. பிரபு இருந்தான், பண்ணையாள் இருந்தான். ஆயினும் ஸ்மித்தின் மகன் கொல்லுலையை விட்டுக் கணக்கனாகலாம், அமைச்சனும் ஆகலாம். பெயர் பழைய தொழிலைச் சொல்லும். வருங்காலத் தொழிலை விதிக்காது. நம் நாட்டிலோ பெயருக்குப் பின்னால் தொங்கிய வால், தொழிலைச் சொன்னதோடு நிற்கவில்லை. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் இறைக்கலாம், எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதையெல்லாம் அதுவே விதித்தது.

துணிக்கும் அதே பெயர், மனிதருக்கும் அதே பெயர்

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். ஆரணியாறு வந்து சேரும் உப்பங்கழி. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழகத்தில். அந்தத் தென்கோடியில் 1610இல் டச்சுக் கம்பெனியார் இடம் பெற்றனர். 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அவர்கள் நாட்டு மாநிலம் ஒன்றின் பெயரை நம் கடற்கரை மணலில் நட்டனர். நம் ஊரின் பெயரையோ தம் நாவுக்கேற்பச் சிதைத்துப் 'பலியகாட்டா' என்றனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே.

அவர்கள் இங்கு வந்தது துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், காசைவிடத் தமிழக நெசவாளியின் துணியே சிறந்த பண்டமாற்றுப் பொருளாக இருந்தது. பழவேற்காட்டுத் துணி கடல் பல கடந்தது. மெக்சிகோ நாட்டு உழவன் இன்றும் கழுத்திற் கட்டும் வண்ணக் கைக்குட்டைக்குப் 'பலியகாத்தே' என்று பெயர். நம் ஊரின் பெயர்தான் அது! எந்த நெசவாளி நெய்தான் என்பது மறைந்தது. ஏற்றுமதியான துறையின் பெயர் சரக்கின்மீது ஒட்டிக்கொண்டது.

சரக்குக்கு அப்படிப் பெயர் வைக்கலாம், தவறில்லை. ஆனால், தோழர்களே, அதே துறையிலிருந்து மனிதரும் சரக்காகச் சென்றனர்! அவர்களுக்கும் அதே முறையில்தான் பெயரிடப்பட்டது.

பஞ்சம் வந்தபோதெல்லாம் அடிமை வணிகம் கொழுத்தது. 1618 முதல் 1620 வரை ஒரு பஞ்சம். 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியதால் மற்றொரு பஞ்சம். அந்த இரண்டாவது பஞ்சத்தின்போது மட்டும் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் என்று வரலாற்று ஆய்வாளர் கணிக்கின்றனர். பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் மலாக்காவுக்கும், சாவகத் தீவின் பத்தேவியா நகருக்கும் அனுப்பப்பட்டனர். பொன்னும் மணியும் கோவிலிற் குவிந்திருந்த நாட்டில், ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெற்ற பிள்ளை விற்கப்பட்டது! புண்ணிய பூமி என்று பாடியவர்கள் இந்தக் கணக்கை ஏன் பாடவில்லை?

வாங்கியவன் முதலிற் செய்தது பெயரை மாற்றியது. தாய் சூட்டிய பெயர் போயிற்று. ஒரு கிறித்தவப் பெயர். அதன் பின்னே வாங்கிய இடம். வங்கத்தில் வாங்கினால் 'வான் பெங்காலன்'. மலபாரில் வாங்கினால் 'வான் மலபார்'. பழவேற்காட்டில் வாங்கினால் 'வான் பலியகாட்டா'. பார்த்தால் இங்கிலாந்துக்காரனின் ஊர்ப்பெயர் போலத்தான் தோன்றும். ஆனால் அவனுக்கு ஊர்ப்பெயர் தன் மண்ணைக் காட்டுவது. இவருக்கோ அது துணிமூட்டையின்மீது எழுதிய துறையின் பெயர்.

கத்தரீனாவின் கதை

அப்பெயர் தாங்கிய ஒரு பெண்ணின் வாழ்க்கை ஏடுகளில் நிலைத்திருக்கிறது. கத்தரீனா வான் பலியகாட்டா என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். 'பெரிய கத்தரீன்' என்றும் அழைத்தனர். பத்தேவியாவில் அடிமையாக இருந்தார். அங்கே ஒரு பூசலில் தம்மைத் தாக்கிய காதலனைத் திருப்பித் தாக்கினார், அவன் இறந்துபோனான். 1656இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கப்பலேற்றப்பட்டார். டச்சுக்காரர் அங்கே குடியேற்றம் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

அங்கு அவருக்கு வாய்த்த வேலை கோட்டைத் தலைவரின் துணி வெளுப்பது. துணியால் பெயர் பெற்ற ஊரின் பெயரைச் சுமந்தவர், துணி வெளுத்தே நாள் கழித்தார். 1668இல் திருமுழுக்குப் பெற்றார். 1669இல் அவர் மகன் கிறிஸ்டோஃபலுக்குத் திருமுழுக்கு நடந்தது. தந்தை ஐரோப்பியப் படைவீரன். அவன் பெயரே மகனுக்கு வந்தது: ஸ்னைமன். தையற்காரன் என்ற பொருளில் தோன்றிய பெயர் அது. 1671இல் கத்தரீனா, விடுதலை பெற்ற அடிமையான அந்தோனி வான் பெங்காலனை மணந்தார். பழவேற்காட்டுப் பெயரும் வங்கத்துப் பெயரும் ஆப்பிரிக்கக் கரையில் இல்லறம் கண்டன.

மகன் கிறிஸ்டோஃபல் வளர்ந்து, பிரான்சில் சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த குடும்பம் ஒன்றின் மகளான மார்கரித் தெ சவ்வா என்பவரை மணந்தான். அந்த இணையின் வழியே தென்னாப்பிரிக்க ஸ்னைமன் குடும்பம் பல்கிப் பெருகிற்று. பலியகாட்டா என்ற பெயரோ அம்மையாரோடு நின்றது. தையற்காரனின் பெயர் ஒரு நாடு முழுதும் பரவிற்று. தாயின் ஊர் ஏட்டிற்குள் ஒடுங்கிற்று. தந்தை வழியை மட்டும் குலம் என்று எழுதும் முறை, வரலாற்றிற் பாதியை இப்படித்தான் விழுங்குகிறது.

இதன் பின்னர் நடந்ததுதான் நகைப்புக்கிடமானது. 1949இல் தென்னாப்பிரிக்க அரசு வெள்ளையரும் பிற நிறத்தாரும் மணப்பதைத் தடுத்துச் சட்டம் செய்தது. 1950இல் ஒவ்வொரு குடிமகனையும் நிறவாரியாகப் பதிவு செய்யச் சட்டம் செய்தது. ஸ்னைமன் என்ற பெயருடைய எத்தனையோ குடும்பங்கள் வெள்ளையராகப் பதிவாயின! அந்தச் சட்டம் கிறிஸ்டோஃபலின் காலத்தில் இருந்திருந்தால், அவர்கள் குலத்தின் முதல் திருமணமே குற்றமாகியிருக்கும். ஆப்பிரிக்கானர் மரபை ஆராய்ந்த ஹீசே என்னும் அறிஞர், அவர்தம் மூதாதையரில் ஐரோப்பியரல்லாதார் பங்கு சுமார் 7 விழுக்காடு என்று 1971இல் எழுதினார். தூய குருதி என்ற புளுகு, திருக்கோவில் ஏட்டிலும் நிற்காது. தேவாலய ஏட்டிலும் நிற்காது. மணத்தடைச் சட்டம் 1985இலும், நிறப்பதிவுச் சட்டம் 1991இலும் மாய்ந்தன.

மற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களிற் பலர் இன்றும் ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் என்று குடும்பப் பெயர் கொண்டு வாழ்கின்றனர். மாதத்தின் பெயரையே மனிதனுக்கு இட்டுவிட்டான் எசமானன். இவ்வளவுதான் அவன் எடுத்துக்கொண்ட சிரமம்!

நம் நாட்டு எசமானர்கள்

டச்சுக்காரனைப் பழித்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாமா? கூடாது. பெயரால் மனிதனை இழிவுபடுத்தும் கலையை நமக்கு அவன் கற்றுத்தரவில்லை. பார்ப்பனனுக்கு மங்கலமான பெயர், அரசனுக்கு வலிமை காட்டும் பெயர், வணிகனுக்குச் செல்வம் காட்டும் பெயர், சூத்திரனுக்கு இழிவு காட்டும் பெயர் என்று மனு வகுத்து வைத்தது கெல்டிரியாக் கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. டச்சுக்காரன் பெயரைப் பார்த்தால் வாங்கிய துறை தெரியும். மனுவின் பெயரைப் பார்த்தால் பிறந்த பிறப்பே தெரியும். துறையின் பெயரிலிருந்து விடுதலை பெற்றவர் உண்டு. பிறப்பின் பெயரிலிருந்து விடுதலை ஏது?

1860இல் சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பல் நெட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர் அதில் நவம்பர் 16இல் போய்ச் சேர்ந்தனர். அதன்பின் கப்பல் கப்பலாகச் சென்றனர் தமிழர். ஆளுக்கொரு எண், ஏட்டிலொரு வரி. கப்பலேறும்போதே பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. எழுதுகோலின் ஒரு கீற்றில் மாறிவிடுகிற சாதியைத்தான் பிரமனே படைத்தான் என்கிறார்கள்! வெள்ளையன் ஏட்டுக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. நம்மவரிடம் இருந்ததோ சாதிப் பட்டம். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். பிள்ளையும் நாயுடுவும் படையாட்சியும் அங்கே குடும்பப் பெயராய் உறைந்து நின்றன.

தாய்த் தமிழகத்தில் வேறொரு வரலாறு எழுந்தது. 1927இல் பெரியார் தம் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்ற வாலை வெட்டி எறிந்தார். 1929 பிப்ரவரியில், ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார் தலைமையில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. எசமானன் இட்ட பெயரை இறக்கி வைத்த செயல் அது. இந்தியாவின் பிற பகுதிகளில் பெயரைக் கேட்டதும் சாதியைக் கணிக்கிறார்கள். தமிழ்நாட்டிலோ தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிமிர்ந்து நிற்கிறான் இளைஞன். இது சிறிய வெற்றியன்று.

வால் போயிற்று, வலை?

ஆனால் வெற்றி முழுமை பெற்றுவிட்டதா? மீண்டும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வாருங்கள். டச்சுக்காரன் கோட்டை மண்மேடாகிவிட்டது, கோட்டைக்குப்பம் நிற்கிறது. அங்கும் ஆண்டிக்குப்பத்திலும் நடூர் மாதாகுப்பத்திலும் 'பாடு' என்றொரு முறை வழங்கி வருகிறது. ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்களைப் பிரித்து, யார் எந்நாள் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்வது. இது அறிவார்ந்த ஏற்பாடு. உறுப்பினருக்குள் வலியவன் எளியவனை மிதிக்க முடியாது. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும். பொதுவுடைமையின் சாயல்கூட இதில் உண்டு என்போம்.

ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் எழுதப்படும்? பட்டினவர் சாதியிற் பிறந்து, மணமாகித் தலைக்கட்டான ஆணின் பெயர்! தாழ்த்தப்பட்ட மீனவனின் பெயர் அதில் ஏறாது. அவனும் அதே நீரில் நிற்கிறான். அதே உப்புதான் அவன் தோலிலும் பூக்கிறது. பெண்ணின் பெயரும் ஏறாது. 1980களிலிருந்து இறால் கடல் கடந்து விலைபோகத் தொடங்கியது. ஏரியின் மதிப்பு ஏறியது, விலக்கப்பட்டோரின் உரிமைக் குரலும் எழுந்தது, பூசல்கள் மூண்டன.

பட்டினவ மீனவர்களும் நம் உழைப்பாளித் தோழர்களே. ஏரி தூர்ந்து, மீன் அருகி, அவர்கள் படும் துயரமும் பெரிது. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறோம்: முறைவைத்துப் பகிரும் பண்பை இவ்வளவு நேர்த்தியாகக் கற்ற நீங்கள், அந்த வட்டத்தைச் சாதியோடு நிறுத்துவானேன்?

இளைஞர்களே! பெயரின் வாலை வெட்டியது முதற்படி. வெட்டிய வால் வலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கிணற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மணப்பந்தலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த படிகளில் நாம் ஏறியாக வேண்டும்.

பழவேற்காட்டுக்குச் செல்வோர் டச்சுக் கல்லறைகளைக் காணுங்கள்; வேண்டாமென்று சொல்லவில்லை. கண்டபின், கடலைப் பார்த்து ஒரு கணம் நில்லுங்கள். அவ்வழியே ஒரு பெண் போனார். தாய் தந்தையர் இட்ட பெயரை ஏடு எழுதவில்லை. நம் ஊரின் பெயரை மட்டும் சுமந்து, உலகின் மறுகோடியில் ஒரு பெரும் குடும்பத்துக்கு முதல் தாயானார். அவர் பெயர் பொறித்த கல் அங்கே இல்லை. பிறப்பால் ஒருவர் பெயரைச் சீட்டிலிருந்து நீக்கும் வழக்கம் அந்த ஏரிக்கரையில் ஒழியும் நாளே அவருக்கு நாம் எடுக்கும் நினைவுச் சின்னம்!