உள்நாட்டு விவகாரம் என்ற கேடயம்

ஓர் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட மக்களையே ஒடுக்கினால் மற்ற நாடுகள் என்ன செய்யலாம்? 1946-இல், இன்னும் விடுதலை பெறாத இந்தியா இதற்கு ஒரு பதில் சொன்னது. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு கொண்டுவந்த சட்டம், நேட்டாலிலும் ட்ரான்ஸ்வாலிலும் இந்தியர்கள் நிலம் வாங்கும் உரிமையையும் குடியிருக்கும் உரிமையையும் குறுக்கியது. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போன கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் தொடங்கி, தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்த சமூகம் அது. டர்பனில் சட்டத்தை மீறிச் சுமார் 2,000 பேர் சிறை சென்றார்கள். தில்லி வணிக உறவை முறித்தது, தன் தூதரைத் திரும்ப அழைத்தது, ஐ.நா. பொதுச்சபையில் முறையிட்டது.

இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. தலையிடக் கூடாது என்று சாசனத்தின் 2(7) பிரிவைக் காட்டினார் ஸ்மட்ஸ். மனித உரிமைகளைப் போற்றும் அதே சாசனத்தின் முகப்புரையை எழுதுவதில் அவருக்கே பெரும் பங்கு உண்டு. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் வாதாடிய இந்தியக் குழு, 1946 டிசம்பர் 8 அன்று 32-க்கு 15 என்ற வாக்குகளில் தனக்கு ஆதரவான தீர்மானத்தை வென்றெடுத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்த்து வாக்களித்தன.

தீர்மானத்தால் விளைந்தது என்ன என்று கேட்கலாம். 1948-இல் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது, ஒடுக்குமுறை கூடியது. இதை மறுக்க முடியாது. ஆனால் ஸ்மட்ஸ் பிடித்த கேடயத்தில் அன்று விழுந்த விரிசல் பிறகு மூடவே இல்லை. 1952-இல் 13 ஆசிய, அரபு நாடுகள் நிறவெறிக் கொள்கையையே ஐ.நா.வின் விவாதத்துக்குக் கொண்டுவந்தன. 1962-இல் பொதுச்சபை, தென்னாப்பிரிக்காவுடன் தூதரக, வணிக உறவுகளைத் துண்டிக்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டது. 1977-இல் பாதுகாப்பு அவை ஆயுத விற்பனைக்குக் கட்டாயத் தடை போட்டது. நிறவெறியை வீழ்த்தியவர்கள் அந்நாட்டு மக்களே; அவர்களுடைய போராட்டத்தை உலகம் தள்ளிநின்று பார்க்க முடியாதபடி செய்தது இந்த நீண்ட ராஜதந்திரம்.

இந்தியா தன் இனத்தாருக்காக மட்டுமே பேசியது என்பது அடுத்த ஆட்சேபம். முதல் முறையீட்டைப் பொறுத்தவரை அது உண்மை. ஆயினும் கறுப்பின மக்களின் தலைவர் சூமா அந்த ஆண்டே நியூயார்க் சென்று இந்தியத் தரப்போடு நின்றார். 1947-இல் அவரும் இந்திய வம்சாவளித் தலைவர்களான தாதூவும் நாயக்கரும் கூட்டு உடன்படிக்கை செய்தார்கள். இந்தியாவின் நிலைப்பாடும் விரிந்தது. 1974-இல் இந்தியா, சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த டென்னிஸ் அணியைத் தென்னாப்பிரிக்காவுடன் மோதவிடாமல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியையே விட்டுக்கொடுத்தது. தனக்கும் இழப்பு உண்டு என்று தெரிந்தே எடுக்கும் நிலைப்பாட்டுக்குத்தான் உலக அரங்கில் எடை உண்டு.

சாதிக் கொடுமை உள்ள நாட்டுக்குப் பிறரைக் குறைசொல்ல என்ன தகுதி என்ற கேள்வியே மிகக் கடுமையானது. குற்றமற்ற நாடு மட்டுமே பேசலாம் என்றால் யாருமே பேச முடியாது. கொடுங்கோலர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. அதேசமயம், பேசிய நாட்டுக்கு ஒரு கடன் சேர்கிறது. 2001-இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதி பற்றிய விவாதம் வேண்டாம் என்று இந்தியா வாதாடியபோது, 1946-இல் தான் எதிர்த்த வாதத்தையே கையில் எடுத்தது. அயல்நாட்டு ஒடுக்குமுறையைக் கண்டிக்கும் அரசு, தன் நாட்டைப் பற்றிய கேள்விக்கும் அதே சபையில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடமையை ஏற்கும் அரசின் கண்டனத்தை மட்டுமே ஒடுக்கப்பட்டவர்கள் நம்ப முடியும்.