பிக்ஃபூட்டைத் தேடி மினக்கெட்டவர்கள்

1958 ஓகஸ்ட் மாதம். கலிபோர்னியாவின் வடக்கு மூலையில், புளவ் கிறீக் என்ற ஓடைப் பக்கம், மரம் ஏற்றுவதற்காகக் காட்டுக்குள்ளே றோட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலை வேலைக்கு வந்த ஜெரி குறூ என்ற புல்டோசர் சாரதி, தன் வாகனத்தைச் சுற்றிக் காலடித் தடங்களைக் கண்டார். பார்க்க மனிதக் கால் போலத்தான் இருந்தன. ஆனால் நீளம் 16 அங்குலம். ஆரோ பகிடி விடுகிறாங்கள் எண்டுதான் முதலில் நினைத்தார். தடங்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கவே, மிருகங்களைப் பாடம் பண்ணும் தொழில் செய்த பொப் ரிட்மஸ் என்ற நண்பரிடம் கேட்டுப் பழகி, ஒரு தடத்தை பிளாஸ்டரில் அச்செடுத்தார். அந்த அச்சைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் படம், ஒக்ரோபர் 5ஆம் திகதி 'ஹம்போல்ட் ரைம்ஸ்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. கூடவே அன்ட்ரூ ஜென்சோலி என்ற பத்தி எழுத்தாளரின் செய்தி. வேலைத்தளத்துச் சனம் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்த 'பிக் ஃபூட்' என்ற பட்டப்பெயரை அவர் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினார். செய்தி நிறுவனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போக, சில நாட்களில் அமெரிக்கா முழுக்க அந்தப் பெயர் தெரிந்துவிட்டது.

அந்த றோட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ரே வொலஸ். 2002 நவம்பரில் அவர் இறந்த பிறகு, குடும்பத்தார் ஒரு சோடி மரக்கால்களை எடுத்துக் காட்டினார்கள். 'அப்பா எல்லாரையும் பேய்க்காட்டினவர், அவ்வளவுதான்' என்பதுதான் அவர்களுடைய கதையின் சாரம்.

இணையத்தில் நீங்கள் பார்க்கிற அனேகமான பிக்ஃபூட் கதைகள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு முடிந்துவிடும். எனக்கு இதற்கு நடுவில் போன 44 வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. அந்தக் காலத்துக்குள் தங்கள் காசையும் லீவையும் குடும்பத்தையும் இதற்குள் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகக் குறைந்தது, அவர்கள் என்ன செய்தார்கள் என்றாவது பார்க்கலாம்.

கதை 1958இல் தொடங்கவும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஹரிசன் ஆற்றங்கரையில் வாழ்கிற பூர்வகுடி மக்களிடம் காட்டில் திரியும் பெரிய உருவம் ஒன்றைப் பற்றிய கதைகள் நெடுங்காலமாக இருந்தன. அங்கே படிப்பித்த ஜே. டபிள்யூ. பேர்ன்ஸ் என்ற ஆசிரியர் அவற்றைச் சேகரித்து, அவர்களுடைய ஹல்கொமேலம் மொழிச் சொல்லை ஆங்கில வாய்க்கு ஏற்ற மாதிரி வளைத்து 'சஸ்குவாட்ச்' என்று எழுதினார். 1929இல் 'மக்லீன்ஸ்' சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வந்தது. இதழின் திகதி ஏப்ரல் 1 என்பது பேர்ன்ஸின் கெட்ட காலம்! பேர்ன்ஸ் கேட்ட கதைகளில் சஸ்குவாட்ச் ஒரு மிருகம் அல்ல, ஒரு வகைச் சனம். பேசத் தெரிந்த, தனக்கென்று இடமும் வழமையும் உள்ள சனம். பிறகு வந்த வெள்ளை வேட்டைக்காரர்கள் கதையில் இருந்து உயரத்தையும் மயிரையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள். ஒரு மனிதக் குரங்கு கிடைத்தது, சொந்தக்காரர்களின் அர்த்தம் துலைந்து போனது.

1957இல் ஹரிசன் ஹொட் ஸ்பிறிங்ஸ் கிராமசபை, மாகாணத்தின் நூற்றாண்டு விழாவுக்கு சஸ்குவாட்ச் வேட்டை ஒன்றை நடத்தலாம் என்று யோசனை வைத்தது. உல்லாசப் பிரயாணிகளை இழுக்கத்தான், வேறென்ன. வேட்டை நடக்கவில்லை. ஆனால் அந்தச் சலசலப்பில் இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் ஜோன் கிறீன், அந்தப் பகுதியின் வாரப் பத்திரிகை முதலாளி. மற்றவர் றெனே டாகிண்டன், 1953இல் சுவிற்சர்லாந்தில் இருந்து வந்த கூலித் தொழிலாளி. கிறீன் படித்த பத்திரிகையாளர். ஆகவே கதை சொன்னவர்களைச் சும்மா விடாமல், வில்லியம் றோ போன்றவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்கினார். அரை நூற்றாண்டாக அட்டை அட்டையாக எழுதிச் சேர்த்து, 3000க்கும் மேற்பட்ட சம்பவங்களைப் பதிந்து வைத்தார். டாகிண்டன் வேறு சாதி ஆள். வன்கூவருக்குப் பக்கத்தில் துவக்குச் சுடும் மைதானம் ஒன்றில், விழுந்து கிடக்கும் ஈயக் குண்டுகளைப் பொறுக்கி விற்றுச் சீவித்தார். மிச்ச நேரம் எல்லாம் காடு. கலியாணம் முறிந்தது. 2001இல் சாகும் வரைக்கும் ஒரு பிக்ஃபூட்டையும் தன் கண்ணால் காணவில்லை. காணவில்லை எண்டு வெளிப்படையாகச் சொல்லவும் அவர் வெட்கப்பட்டதில்லை. இந்தக் கூட்டத்தில் எனக்கு ஆகப் பிடித்த ஆள் இவர்தான்.

இனி எங்கள் பக்கத்துக்கு ஒரு சின்னச் சுற்று. ரொம் ஸ்லிக் என்ற ரெக்சஸ் எண்ணெய்ப் பணக்காரர் 1957 தொடக்கம் நேபாளத்தில் எட்டி எனப்படும் பனிமனிதனைத் தேட ஆட்களை அனுப்பினார். அவர்களில் ஒருவர் பீற்றர் பேர்ன் என்ற அயர்லாந்து வேட்டைக்காரர். பங்போச்சே பௌத்த மடத்தில் 'எட்டியின் கை' என்று வைத்திருந்த எலும்புக் கை ஒன்றில் இருந்து, 1959இல் பேர்ன் விரல் எலும்பை எடுத்தார். அந்த இடத்தில் மனித விரல் ஒன்றை வைத்துக் கட்டிவிட்டாராம். எடுத்த விரல், ஹொலிவூட் நடிகர் ஜேம்ஸ் ஸ்ருவேர்ட்டின் பயணப் பெட்டிக்குள் லண்டன் போனது என்பதும் பேர்ன் சொன்ன கதைதான். லண்டனில் அதைப் பரிசோதிக்க வாங்கியவர் டபிள்யூ. சி. ஒஸ்மன் ஹில். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1930களில் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர். வேடர்களின் உடலமைப்பு, இலங்கைக் குரங்குகள், தேவாங்கு என்று கனக்க எழுதியவர்.

இதே ஹில்தான் 1945இல் 'லோறிஸ்' சஞ்சிகையில் நிட்டாவோ பற்றி எழுதினார். நிட்டாவோ என்பது தென்கிழக்கு இலங்கையில் லேனம பக்கத்து வேடர்கள் சொன்ன கதை. மூன்று, நாலு அடி உயரமும் நீண்ட நகமும் உள்ள குள்ள ஆட்கள். கடைசியில் வேடர்கள் அவர்களைக் குகை ஒன்றுக்குள் அடைத்து, வாசலில் நெருப்பு மூட்டிக் கொன்றார்கள் என்று கதை முடிகிறது. 1886இல் ஹியூ நெவில் இதை எழுதி வைத்தார். ஹில் அதைப் படித்துவிட்டு, ஜாவாவில் கிடைத்த ஆதிமனிதனின் மிச்சசொச்சமாக இருக்குமோ என்று கேட்டார். கவனித்தால், ஹரிசன் ஆற்றங்கரையில் நடந்த அதே அலுவல். ஒரு சனம் இன்னொரு சனத்தை அழித்ததைப் பற்றிய கதை, விஞ்ஞானியின் மேசைக்கு வந்ததும் எலும்பியல் புதிராகிவிட்டது. லேனம வேடர்களுக்கு அந்தக் கதை ஏன் தேவைப்பட்டது, அந்தக் குகைக்குள் போனவர்கள் உண்மையில் ஆர் என்ற கேள்வி ஓரமாகப் போய்விட்டது.

விரலின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். அது ஹில்லின் சேகரிப்போடு லண்டன் ஹன்ரேறியன் நூதனசாலையில் கிடந்து, 2011இல் ஸ்கொட்லாந்தில் மரபணுச் சோதனைக்குப் போனது. மனித விரல்! மடத்தில் மிஞ்சியிருந்த கையும் அதற்கு முன்பே 1990களில் களவு போய்விட்டது. எலும்பு போனது மடத்துக்குத்தான், தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் போகவில்லை.

ஸ்லிக் 1959இல் தன் பணத்தை வட கலிபோர்னியாவுக்குத் திருப்பினார். கிறீன், டாகிண்டன், ரிட்மஸ் எல்லாரும் ஒரே குழுவில். ஆளுக்காள் சண்டை. டாகிண்டன் சுறுக்காவே வெளியேறிவிட்டார். 1962இல் ஸ்லிக் விமான விபத்தில் இறக்க, காசும் நின்றது.

பிறகுதான் அந்தப் பிலிம். 1967 ஒக்ரோபர் 20, திரும்பவும் புளவ் கிறீக். ரொஜர் பற்றர்சன், பொப் கிம்லின் என்ற இரண்டு பேர் குதிரையில் போனார்கள். பற்றர்சன் வாடகைக்கு எடுத்த 16 மி.மீ. கமராவில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சி. மயிர் மூடிய உருவம் ஒன்று மணல் திட்டைக் கடந்து போகிறது. ஒருக்கால் திரும்பிப் பார்க்கிறது. நீங்கள் எல்லாரும் கண்டிருக்கிற அந்தப் படம்தான். நான் எத்தனை தரம் பார்த்தும், உடுப்புப் போட்ட ஆள் ஒருவர் நடக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரியுது. 2004இல் பொப் ஹெய்ரோனிமஸ் என்பவர், உடுப்புக்குள் இருந்தது நான்தான் என்று சொன்னது ஒரு புத்தகமாகவும் வந்தது. ஆனால் அந்தப் பிலிமைச் சுற்றி இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் செய்த வேலை சும்மா அல்ல. ஒன்பது நாளுக்குப் பிறகு ரிட்மஸ் போய்ப் பத்துத் தடங்களை அச்செடுத்தார். அடுத்த வருடம் கிறீன், ஆறடி ஐந்து அங்குல உயரமான இளைஞர் ஒருவரை அதே வழியால் நடக்க விட்டுப் படம் பிடித்து, இரண்டையும் ஒப்பிட்டார். கமரா செக்கனுக்கு 16 பிரேமில் ஓடியதா 24 பிரேமிலா என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். அது வீண் வாதம் அல்ல. 24 என்றால் அந்த நடை எங்கள் நடைதான். 16 என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டி வரும்.

பற்றர்சன் 1972இல் புற்றுநோயில் இறந்தார். கிம்லினுக்கு அந்த ஒரு நிமிடத்தால் கிடைத்தது ஊர்ச்சனத்தின் நக்கல்தான். கன வருடம் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

இந்தச் சமூகத்தை உள்ளுக்குள்ளே ஆகப் பிரித்த கேள்வி 'இருக்கா, இல்லையா' என்பது அல்ல, 'கண்டால் சுடலாமா' என்பது. ஒரு புதிய இனத்தை விஞ்ஞானம் ஏற்க உடல் வேண்டும். ஆகவே ஒன்றைச் சுடத்தான் வேண்டும் என்றார் குறோவர் கிறான்ட்ஸ். வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மானுடவியலாளர், இந்தக் கூட்டத்தோடு வெளிப்படையாகச் சேர்ந்த மிகச் சில பேராசிரியர்களில் ஒருவர். கிறீனும் அந்தப் பக்கம். பேர்ன் எதிர்ப்பக்கம். மனிதனுக்கு இவ்வளவு கிட்டியது எண்டு நீங்களே சொல்லிக்கொண்டு, பிறகு சுடு எண்டால் எப்படி? 1969 ஏப்ரல் 1இல் (பாருங்கோ, திரும்பவும் அதே திகதி) ஸ்கமேனியா கவுன்ரி பிக்ஃபூட்டைக் கொல்வதைக் குற்றமாக்கி, 10,000 டொலர் வரை தண்டம், ஐந்து வருடம் வரை சிறை என்று சட்டம் போட்டது. பாதி பகிடி என்றாலும், காட்டுக்குள் உரோமக் கோட்டோடு திரிகிறவர்களைத் தவறிச் சுடாமல் இருக்கவாவது அது உதவும். கிறான்ட்ஸ் தன் உடலையே கடைசியில் சான்றாக்கினார். 2002இல் இறந்த பிறகு, அவர் கேட்டபடி எலும்புக்கூடு ஸ்மித்சோனியனுக்குப் போய், தன் நாயின் எலும்புக்கூட்டோடு சேர்த்து 2009இல் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஆதாரம் கேட்டுப் போன இடங்களில் வந்த பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி. பேர்ன் 1976இல் எஃப்.பி.ஐக்கு மயிர் அனுப்பினார். மான் குடும்பத்தது என்று பதில் வந்தது. 2014இல் ஒக்ஸ்போர்ட்டின் பிறையன் சைக்ஸ் உலகம் முழுக்க இருந்து மயிர் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தார். கரடி, குதிரை, மாடு, மனிதன், முள்ளம்பன்றி. 1995இல் தொடங்கிய பி.எஃப்.ஆர்.ஓ. அமைப்பு, கிடைத்த தகவல்களை நேரில் தெளிவாகக் கண்டது 'ஏ', சத்தம் கேட்டதும் மங்கலாய்க் கண்டதும் 'பி', வாய்வழி வந்தது 'சி' என்று தரம் பிரித்துப் பதிந்தது. 2009இல் சூழலியலாளர்கள் மூவர் அந்தப் பதிவுகளையே எடுத்து, பிக்ஃபூட் வாழக்கூடிய இடங்களுக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். அழகான வரைபடம் வந்தது. பிறகு கறுப்புக் கரடிக்குப் போட்டுப் பார்த்தால், கிட்டத்தட்ட அதே வரைபடம். தரவு பிழை என்றாலும் இந்த முறை வடிவான விடை தரும், கவனம், என்று தங்கள் துறைக்காரர்களுக்குச் சொல்லத்தான் அதைச் செய்தார்கள். இத்தனை ஒழுங்காகப் பதிவு வைத்திருக்காவிட்டால் அந்தப் பரிசோதனையைச் செய்தே இருக்க முடியாது.

இதற்குப் பிறகு வந்தது பெரும்பாலும் ரி.வி. 2008இல் ஜோர்ஜியாவில் இரண்டு பேர் குளிர்ப்பெட்டிக்குள் இறப்பர் உடுப்பு ஒன்றை வைத்து, பிக்ஃபூட் உடல் எண்டு உலகச் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். 2011 தொடக்கம் 2018 வரை 'ஃபைண்டிங் பிக்ஃபூட்' ஓடியது. அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் புளவ் கிறீக்கில் இன்னொரு தேடல் நடந்தது. 1964ஆம் ஆண்டு வெள்ளம் அள்ளி வெளியாக்கிய மணல் திட்டில்தான் பற்றர்சன் படம் பிடித்தார். பிறகு மரங்கள் அடர்ந்து வளர்ந்து, அந்த இடம் எது என்பதே தெரியாமல் போனது. 2010களில் சில ஆர்வலர்கள் கிழமை முடிவுகளில் போய், பற்றையை வெட்டி, பிலிமில் தெரிகிற பெரிய மரங்களையும் அடிக்கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, நாடா பிடித்து அளந்து, அந்த இடத்தை உறுதிப்படுத்தினார்கள். அவர்கள் எல்லாருமே அந்தப் பிலிமை நம்புகிறவர்கள் அல்ல. 80 வயது தாண்டிய கிம்லின் அந்தக் காலத்தில் மாநாடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தார். சனம் வரிசையில் நின்று அவரோடு படம் எடுத்துக்கொண்டது.